ஒண்ணும் முளைக்காத பிளேட்டு

கையெழுத்துதானே, போட்டாப் போச்சு. அதுக்கு ஏன் தம்பி கால்ல வெந்நீரக் கொட்டிக்கிட்ட மாதிரி நிக்கிறீங்க? உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், சுவத்தோட சாச்சுப் போட்டுக்குங்க. மாத்திக் குடுங்கன்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு. இல்ல இல்ல, குறை சொல்லல. பேச்சு வந்துச்சு, சொன்னேன்.

தெரியும் தம்பி. நாளைக்குக் காலையில புது டயாலிசிஸ் வார்டு திறக்கறீங்க, பெரிய மனுஷங்க வர்றாங்க, ரிப்பன்கூட வாங்கியாச்சு. தண்ணி சுத்தமா இருக்குன்னு இந்த லேப்லேருந்து ஒரு கையெழுத்து வந்தாப் போதும். உங்கப்பா இந்த ஆஸ்பத்திரிய நடத்தின காலத்துலேருந்து நான்தானே போடறேன். தம்பின்னு கூப்பிடறது பிடிக்கலன்னா சொல்லுங்க, சார்னு மாத்திக்கறேன்.

காபி ஆறுது, குடிங்க. அம்மா எப்படி இருக்காங்க? கால் வீக்கம் வத்திடுச்சா? வாரா வாரம் அவ்வளவு தூரம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கார்ல கூட்டிட்டுப் போய் டயாலிசிஸ் பண்ணிக் கூட்டிட்டு வர்றீங்க. நம்ம பழைய வார்டுல பண்ணக் கூடாதான்னு நான்கூட நினைச்சதுண்டு. அதுக்கும் ஒரு காரணம் வச்சிருப்பீங்க, விடுங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். கிருமி இருக்கான்னு வளத்துப் பாக்கற இந்தப் பிளேட்டப் பாருங்க. புது வார்டு குழாய்த் தண்ணிய இதுல விட்டு, சூட்டுப் பெட்டியில வச்சேன். ஒண்ணும் முளைக்கல, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. ஆமா, இதைத்தான் உங்க மேனேஜர் ஃபோட்டோ புடிச்சுக்கிட்டு ஓடினாரு. ரிப்போர்ட்டு ரெடின்னு யாரு சொன்னாங்களோ.

இப்ப இதப் பாருங்க. அதே தண்ணி, அதே குழாய். பயப்படாதீங்க, மூடி போட்டுத்தான் இருக்கு. மஞ்சளும் ரோஸுமா புள்ளி புள்ளியா அப்பிக்கிட்டு இருக்குல்ல? எல்லாம் உசுரோட இருக்கு.

எந்தப் பிளேட்டு பொய்யின்னா கேக்குறீங்க? ரெண்டும் பொய் சொல்லல. எங்க தொழில்ல இருக்கறவங்க மட்டும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. முளைக்கலன்னா செத்துப்போச்சுன்னு எழுதிடுவோம்.

நீங்க திறப்பு விழாவத் தள்ளித் தள்ளிப் போட்டீங்களா, அந்தக் குழாய்ல விட்ட தண்ணிய யாரும் வடிக்கல. மாசக்கணக்குல அப்படியே நிக்குது. வடிகட்டி வடிகட்டி சத்தே இல்லாமப் பண்ணின தண்ணி. அதுல மாட்டிக்கிட்ட பாக்டீரியாவுக்குத் திங்க என்ன இருக்கு? நாமளா இருந்தா கத்தி ஊரக் கூட்டுவோம். அது சத்தமே போடாது. உள்ள இருக்கற ஜீன் என்னவோ அதே ஜீன்தான். எத எடுத்துப் படிக்கறது, எத மூடி வைக்கறதுங்கறதுதான் மாறும். வளரு, ரெண்டாப் பிரின்னு சொல்ற ஜீனையெல்லாம் அடக்கி வச்சிடும். நல்ல காலத்துல சீந்தாமக் கிடந்த ஜீனையெல்லாம் எழுப்பும். உடம்பச் சுருக்கிக்கும். மேல்தோலக் கெட்டியாக்கிக்கும். தன்னோட டிஎன்ஏவையே ஒரு புரதத்தால இறுக்கிச் சுத்திப் பொட்டலம் கட்டிப் பத்திரப்படுத்திக்கும். பக்கத்துல கூடப்பொறந்தது செத்துச்சுன்னா அதுல மிச்சம் மீதிய வழிச்சுத் தின்னுட்டு, சும்மா கிடக்கும்.

எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கறது எங்கன்னா, அது தயாரானது பசிக்கு மட்டும்தான். ஆனா அதுக்கப்புறம் சூடு வச்சாலும் சீக்கிரம் சாகாது, குளோரின் ஊத்தினாலும் சீக்கிரம் சாகாது. நீங்க ஊத்தச் சொன்னீங்களே, அந்தக் குளோரினத்தான் சொல்றேன்.

முதல் பிளேட்டுல நல்ல சத்தான தீனி தம்பி. மாசக்கணக்கா காஞ்சு கிடந்ததுக்குத் திடீர்னு அத வச்சா ஒத்துக்கல. ரெண்டாவதுல தீனியத் தண்ணியாக் கரைச்சு வச்சு, சூடு காட்டாம மேசை மேலயே விட்டுட்டேன். ஒரு வாரம் ஆச்சு, மெதுவா எழுந்து வந்துச்சு. அந்தத் தீனியும் நீங்க வாங்கிக் குடுக்கல, நானே கரைச்சேன். கூட இருந்த ரெண்டு பொண்ணுங்களையும் வேலையவிட்டு நிறுத்தினீங்க. இங்க இருந்த ஏசியக் கழட்டிட்டுப் போய் வரவேற்புல மாட்டினீங்க. இந்த லேபையும் பட்டினிதான் போட்டீங்க. நான் சத்தம் போட்டேனா?

அட, உக்காருங்க, முடிச்சிடறேன். டயாலிசிஸ்ல ஒரு ஆளோட ரத்தம் ஒரு பக்கம் ஓடுது, இந்தத் தண்ணி மறுபக்கம் ஓடுது. நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு. பாக்டீரியா அதத் தாண்டாது. அதோட தோல்லேருந்து உதிர்ற விஷம் தாண்டிடும். முதல்ல குளிர் எடுக்கும். கை கால் நடுங்கும், போர்வை கேப்பாங்க. அப்புறம் காய்ச்சல். அப்புறம் பிரஷர் சரசரன்னு இறங்கும். வயசானவங்களா இருந்தா நம்ம கையில ஒண்ணுமில்ல.

தண்ணி தேங்கற வளைவையெல்லாம் அறுத்தெடுத்துப் புதுசு போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி விட்டு, மறுபடி பாக்கணும். மாசம் ஒண்ணு ஆகும். முடியாதா? பத்திரிகை அடிச்சாச்சா? முதல் பிளேட்டே போதும்ங்கறீங்க. நாளைக்கு வரப்போறதெல்லாம் ஏழை ஜனம், காய்ச்சல் வந்தா சீக்கோட சீக்குன்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. நீங்க சொல்லல தம்பி, நான்தான் சொல்றேன்.

சரி, குடுங்க. எங்க போடணும், இங்கயா? இந்தப் பேனா ஒண்ணு, எழுதவே மாட்டேங்குது. உதறினாத்தான் வரும்.

அம்மாகிட்ட காலையில பேசினேன். உங்க புள்ள கட்டின வார்டு, முதல் பெட்டு உங்களுக்குத்தான்னு சொன்னேன். பாவம், அழுதுட்டாங்க. அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவங்களே ஃபோன் போட்டு நாளைக்கு வரலன்னு சொல்லிட்டாங்களாம். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. ரிப்பன் வெட்டறப்போ புள்ள முகத்தப் பாக்கணுமாம். நர்ஸுங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு, பெட்டுல பேர்கூட ஒட்டியாச்சு. நீங்க வேணாம்னு தடுக்கலாம், அம்மா கேப்பாங்க. அத்தனை பேருக்கு முன்னாடி, ஏண்டா, ஊரான் வீட்டு அம்மா மட்டும் படுக்கலாமா, நான் படுக்கக் கூடாதான்னு கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்குங்க.

இந்தா, பேனா எழுதுது. போடட்டுமா?

என்ன தம்பி, காபியெல்லாம் சட்டையில கொட்டிக்கறீங்க. கை ஏன் இப்படி நடுங்குது? ஏசிகூட இல்லையே இங்க. குளிருதா?