சொல்லி வெச்ச கூடாரம்

சத்யராஜ்: அக்கா, போதுங்க. உள்ள போறீங்க, வெளிய வர்றீங்க, மறுக்காவும் உள்ள போறீங்க... இதோட அஞ்சு தரம் ஆச்சு.

வெண்ணிலா: இருங்க தம்பி. இன்னும் ஒருக்கா.

சத்யராஜ்: கூடாரம் வாங்க வர்றவங்க மழை ஒழுகுமான்னு கேப்பாங்க, எத்தன பேரு படுக்கலாம்னு கேப்பாங்க. நீங்க வாசல்லயே நடக்கறீங்க...

பிரபாகர்: உடுங்க தம்பி. கல்யாணத்துக்கு முன்னால எங்க ஊட்டைப் பாக்க வந்த இவ ஆளுங்ககூட இத்தன தரம் நடந்து பாக்கல.

வெண்ணிலா: பாத்திருந்தாங்கன்னா நான் இந்நேரம் வேற ஊட்ல இருந்திருப்பேன்.

பிரபாகர்: கேட்டுக்கோங்க தம்பி. பத்து வருசமா இதான் எனக்கு.

வெண்ணிலா: தம்பி, இந்தப் பச்சை நைலான் வேண்டாங்க. வாசல்ல காலைத் தூக்கி வெக்க வேண்டியிருக்குது.

சத்யராஜ்: தரையில விரிக்கற அடித்துணியோட சேத்துத் தெச்சதுங்க்கா. அதனால வாசல்ல ஒரு சாண் ஒசரத்துக்கு மடிச்சு உட்டிருக்காங்க. மழைத்தண்ணி உள்ள வராது, பூரான் வராது...

வெண்ணிலா: அதாங்க வேண்டாங்கறேன்.

சத்யராஜ்: என்ன, பூரான் உள்ள வரோணுங்களா?

பிரபாகர்: இவ ஊட்டாளுங்க வர்றதுக்கு ஒரு வழி வேணுமில்லீங்க.

வெண்ணிலா: ஏனுங்க...

பிரபாகர்: சரி, சரி. வாயை மூடிக்கறேன்.

வெண்ணிலா: எங்க மாமியாருக்கு முட்டி வலிங்க தம்பி. காலைத் தூக்கி வெக்க முடியாது.

பிரபாகர்: எங்கம்மாவுக்கா? போன வாரந்தான் பலாக்கா வெட்டறதுக்கு ஏணி மேல நின்னுச்சு.

வெண்ணிலா: எறங்குனப்புறம் தைலம் தேச்சு உட்டது யாரு?

பிரபாகர்: அது நீதான். இல்லேங்கல.

சத்யராஜ்: சரிங்க்கா, எதுக்குன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தோதா நான் எடுத்துக் காட்டுவேன். எத்தன பேரு, எத்தன நாளு?

வெண்ணிலா: சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குங்க. மூணு நாளு குடும்பத்தோட மலை மேலயே தங்கறோம். எங்க சௌமியாவுக்குக் காதுகுத்து.

சத்யராஜ்: அட, நல்ல விசயம். பாப்பாவுக்கு எத்தன வயசு?

வெண்ணிலா: அஞ்சு நடக்குது. ஒத்தப்படை வயசுலதான் குத்தோணும்பாங்க. ஒண்ணுல குத்தலாம்னா அப்பப் பாத்துக் காய்ச்சல். அப்பறம் மூணுல...

பிரபாகர்: மூணுல மழை.

வெண்ணிலா: ...ம். மூணுல மழை. இந்த வருசமும் உட்டா ஏழுதான். பள்ளிக்கூடத்துல புள்ளைங்க அவளை மூளிக்காதுன்னு கூப்பிடுதுங்களாம். ஊட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு ரெண்டு காதையும் பொத்திக்கறா. பாக்க முடியலீங்க தம்பி.

பிரபாகர்: அதுக்கு எதுக்குப் புதுசா கூடாரம்? ஊட்ல நம்ம நீலத் தார்ப்பாய் நல்லாத்தானே...

வெண்ணிலா: அந்தத் தார்ப்பாய் பேச்சை எடுத்தீங்கன்னா நான் இப்பவே கரடியூருக்கு, நம்ம ஊட்டுக்கு, நடந்து போயிருவேன்.

பிரபாகர்: எடுக்கல. தார்ப்பாய்னே சொல்லல நானு.

சத்யராஜ்: தார்ப்பாய் என்னங்கண்ணா பண்ணுச்சு?

பிரபாகர்: அது பாவம், ஒண்ணும் பண்ணல. மேல கட்டுன எடத்துல சும்மாதான் இருந்துச்சு...

வெண்ணிலா: தம்பி, அங்க ஓரமா ஒண்ணு நிக்குதே, ஊடு மாதிரி. அது என்னங்க?

சத்யராஜ்: அது... அது கேன்வாசுங்க்கா. ஒரு பங்களாவுல சும்மா கெடந்தது. வெயில் காட்ட வெளிய நிறுத்தி வெச்சிருக்கேன். அது வேண்டாங்க.

வெண்ணிலா: ஏன் வேண்டாம்?

சத்யராஜ்: நொம்பக் கனங்க. இந்த நைலானாட்டம் வளையற குச்சி இல்ல, அத்தனையும் இரும்புப் பைப்பு. பைப்பும் துணியும் சேந்து ஒரு காப்பி மூட்டை கனம் வரும்.

வெண்ணிலா: காப்பி மூட்டை தூக்கறவருதான் கூட வந்திருக்காரு. ஏனுங்க, வாங்க, பாக்கலாம்.

பிரபாகர்: கூடாரம் வாங்கித் தாறேன்னுதான் சொன்னேன். தூக்கித் தாறேன்னு சொன்னேனா...

வெண்ணிலா: நடங்க, நடங்க.

சத்யராஜ்: அக்கா, பாத்து. அந்தக் கயிறு காலுல மாட்டிக்கப் போவுது. குனிய வேண்டாங்கண்ணா, நேராவே போலாம்.

பிரபாகர்: அட... நிமுந்து நிக்கலாம் போலிருக்கே. நின்னுக்கிட்டே வேட்டி கட்டலாம்.

சத்யராஜ்: அதுக்குத்தாங்க பைப்புச் சட்டம். முதல்ல சட்டத்தைக் கோத்து நிறுத்திட்டு மேல துணியைப் போத்தோணும். பைப்பு ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருக்கேன். நம்பர் மாறுச்சுன்னா கூரை ஒரு பக்கம் சாஞ்சுக்கும்.

பிரபாகர்: எங்க ஊட்டுக் கூரையே அப்படித்தான் தம்பி. பழகிப்போச்சு.

சத்யராஜ்: பின்னால ரெண்டு ரூமு, உள்ளயே தொங்க உட்டிருக்குது. முன்னால இந்த ஹாலு. ரெண்டு பக்கமும் சன்னல், ஜிப்பு போட்டுச் சாத்திக்கலாம்.

வெண்ணிலா: தம்பி... இந்த ஹாலுக்கு அடித்துணி இல்லீங்களா?

சத்யராஜ்: இல்லீங்க்கா, வெறும் மண்ணுதான். அடித்துணி ரூமுக்குள்ள மட்டுந்தான். இதுல இருக்கற ஒரே கொறை அதுதான்.

வெண்ணிலா: கொறையா... ஏனுங்க, இங்க வாங்க. இந்த வாசலைப் பாருங்க. கீழ ஒண்ணுமே இல்ல. வெளிய இருக்கற மண்ணு அப்படியே உள்ள வருது.

பிரபாகர்: ஆமா, மண்ணு வருது. ஊட்ல மண்ணு வந்தா வெளக்கமாத்தைத் தூக்குவே. இங்க என்ன சிரிக்கறே?

வெண்ணிலா: நான் எங்க சிரிச்சேன். தம்பி, இதையே குடுங்க.

சத்யராஜ்: இருங்க்கா. கேன்வாஸ் வெச்சிருக்கறது மாடு வெச்சிருக்கறாட்டம். கவனிச்சாத்தான் ஒழைக்கும். இதுக்கு இப்பத்தான் புதுசா நூல் போட்டுத் தையல் போட்டிருக்கேன். திருவிழாவுக்கு முன்னால ரெண்டு தரம் நல்லா நனைச்சுக் காய வெச்சுரோணும். தண்ணியில நூலு உப்பித் தையல் ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும். அதைச் செய்யலீன்னா மொத மழையிலயே ஒழுகும்.

வெண்ணிலா: நனைச்சுக் காய வெக்கறேன்.

சத்யராஜ்: ஈரத்தோட மடிச்சுராதீங்க. பூசணம் புடிச்சு நாறிப்போயிரும். சோப்பு போட்டுத் தொவைக்கவே கூடாது.

பிரபாகர்: இதைச் சத்தமா சொல்லுங்க தம்பி. எங்கூட்ல சோப்புக்குத் தப்புனது நான் மட்டுந்தான்.

சத்யராஜ்: அப்பறம் முக்கியமானது ஒண்ணுங்க. மழை பேயறப்போ உள்பக்கமா துணியில கை வெக்கவே கூடாது. தொட்ட எடத்துல சொட்ட ஆரம்பிச்சிரும்.

வெண்ணிலா: கை வெச்சாலே சொட்டுமுங்களா... அப்ப குச்சியில குத்துனா?

சத்யராஜ்: குச்சியிலயா? கூரையை யாருங்க்கா குச்சியில குத்துவாங்க?

பிரபாகர்: அதுக்குன்னே ஆளு இருக்குதுங்க தம்பி.

வெண்ணிலா: உங்களை வாயை மூடச் சொன்னேன்.

சத்யராஜ்: இருங்க, இருங்க. குச்சின்னா... இதையேதான்...

வெண்ணிலா: என்னங்க தம்பி?

சத்யராஜ்: ஒண்ணுமில்லீங்க. அக்கா, நான் முன்னாடியே சொல்லியிருக்கோணும். நீங்க பாட்டுக்கு உள்ள வந்துட்டீங்க. இதை ஏற்கெனவே ஒருத்தரு சொல்லி வெச்சிருக்காரு.

வெண்ணிலா: சொல்லி வெச்சிருக்காரா?

சத்யராஜ்: ஞாயித்துக்கெழமை வந்து பாத்தாருங்க. புடிச்சுப்போச்சு, வேற யாருக்கும் குடுத்துராதேன்னாரு. நானும் சரின்னுட்டேன்.

வெண்ணிலா: இதேமாதிரி இன்னொண்ணு இல்லீங்களா?

சத்யராஜ்: ஏற்காட்டுலயே இது ஒண்ணுதானுங்க. இப்ப வர்ற கூடாரமெல்லாம் அடித்துணியோட சேத்துத் தெச்சதுதான். எதை எடுத்தாலும் வாசல்ல அந்த ஒசரம் இருக்கும்.

பிரபாகர்: சரி, பச்சையே எடுத்துக்கலாம். அம்மாவை நான் தூக்கி உள்ள வெச்சர்றேன்.

வெண்ணிலா: அது அத்தைக்கு இல்லீங்க.

பிரபாகர்: பின்ன யாருக்கு?

வெண்ணிலா: ...உங்களுக்குச் சொன்னாப் புரியாது.

பிரபாகர்: எனக்குச் சொல்ல வேண்டாம். தம்பிகிட்டச் சொல்லு. காரணம் தெரிஞ்சா அவரு மனசு எளகினாலும் எளகும்.

சத்யராஜ்: ஆமாங்க்கா. அந்த ஆளும் காரணம் சொல்லித்தான் கேட்டாரு. கேட்டுட்டு என்னால மாட்டேன்னு சொல்ல முடியல. உங்க காரணம் அதைவிடப் பெருசுன்னா, நான் அவருகிட்டப் பேசிப் பாக்கறேன்.

வெண்ணிலா: சிரிக்க மாட்டீங்களே.

சத்யராஜ்: மாட்டேனுங்க.

வெண்ணிலா: காது குத்தறதுன்னா தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தோணும். எங்கூடப் பொறந்தது ஒரே அண்ணன். அவங்கூடப் பேசி ரெண்டு வருசம் ஆச்சுங்க தம்பி.

சத்யராஜ்: அய்யோ... என்னங்க சண்டை?

வெண்ணிலா: அந்த நீலத் தார்ப்பாய்தான். ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே திருவிழா, இதே காதுகுத்துக்குத்தான். ரெண்டு குடும்பமும் அந்த ஒரு தார்ப்பாய்க்கு அடியிலதான் இருந்தோம். சரியான மழை. தண்ணி நடுவுல தேங்கி, சென மாட்டு வயிறாட்டம் தொங்குது. நான் நேர் கீழ சாமிக்குப் பொங்க வெச்சுட்டிருக்கேன். பொங்கி வர்ற நேரம். தண்ணியைத் தள்ளி உடறேன் பாருன்னு சொல்லி, அவன் குச்சியால ஒரு குத்து...

பிரபாகர்: பானை, அடுப்பு, இவ தலை. ஒண்ணும் மிச்சமில்ல.

வெண்ணிலா: பொங்கற நேரத்துல அடுப்பு அணைஞ்சா அபசகுனமா, இல்லையா? நான் அழுதுட்டு நிக்கறேன், அவன் சிரிக்கறான்.

பிரபாகர்: நானும் சிரிச்சேன். ஒரே ஊட்டுல இருக்கறதுனால என்னைய ஒண்ணும் பண்ண முடியல.

வெண்ணிலா: வந்த ஆத்தரத்துல கோயிலைப் பாத்துக் கையை நீட்டிச் சொல்லிட்டேன். சேர்வராயன் மேல ஆணை, இனிமே என் ஊட்டு வாசப்படியை நீ மிதிக்கக் கூடாதுன்னு. அவனாவது சும்மா இருந்திருக்கலாம். நீயும் என் ஊட்டு வாசப்படியை மிதிக்காதேன்னு அவனும் கையை நீட்டிட்டான்.

சத்யராஜ்: கோவத்துல சொன்னதுதானுங்களே...

வெண்ணிலா: சாமி மேல சொன்னதை எப்படித் திருப்பி எடுக்கறது? போன வருசம் அவன் ஊடு வரைக்கும் போனேன். வாசல்ல செருப்பு கெடந்துச்சு, அவன் உள்ளதான் இருக்கான். படிகிட்ட வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

பிரபாகர்: இதை நீ எங்கிட்டச் சொல்லவே இல்ல.

வெண்ணிலா: சொன்னா நீங்க சிரிப்பீங்க.

பிரபாகர்: ...இதுக்குச் சிரிக்க மாட்டேன் புள்ள.

சத்யராஜ்: ஏனுங்க்கா, கோயில் மைதானத்துல வெட்டவெளியிலயே குத்திரலாமே. அங்க எந்த வாசப்படி இருக்குது?

வெண்ணிலா: குத்திரலாம். குத்துன கையோட அவன் எந்திரிச்சுப் போயிருவான். உள்ள வா, உக்காரு, சாப்பிடுன்னு நான் சொல்லோணும். அவன் உள்ள வந்து எங்கையால சாப்பிடோணும். அவன் இல்லாம எனக்கு நல்லாவே இல்லீங்க தம்பி. நல்லது நடந்தாலும் நல்லா இல்ல.

சத்யராஜ்: அப்ப அந்தப் பச்சைக் கூடாரத்துல அஞ்சு தரம் நடந்தது...

வெண்ணிலா: ஊட்டு வாசப்படியைத்தானே மிதிக்கக் கூடாது. கூடாரத்துக்கு வாசப்படி இருக்காதுன்னு நெனச்சு வந்தேன். பாத்தா அதுல ஒரு சாண் ஒசரத்துக்குத் தெச்சு வெச்சிருக்காங்க. சாமி கண்ணுக்கு அது தெரியாதுங்களா? இதுல ஒண்ணுமே இல்ல. இது ஒண்ணுலதான் அவன் வரலாம்... தம்பி, சிரிக்க மாட்டேன்னீங்க.

சத்யராஜ்: மன்னிச்சுக்கோங்க்கா. முடியலீங்க. ஞாயித்துக்கெழமை வந்தவரு இந்த வாசல்ல ஏழு தரம் நடந்தாரு.

வெண்ணிலா: நடந்தாரா?

சத்யராஜ்: உள்ள, வெளிய, உள்ள, வெளிய. எதுக்குங்கன்னு கேட்டேன். தங்கச்சி பொங்கப் பானையில தண்ணியைக் கொட்டிட்டேன், இந்தத் திருவிழாவுக்காவது அவளை உள்ள கூப்பிட்டு ஒரு வாய் சோறு போடோணும்னாரு. பேரு சின்னன், ஊரு கொட்டச்சேடுன்னு எழுதிக்கச் சொன்னாரு.

வெண்ணிலா: ...ஏழு தரமா?

சத்யராஜ்: ஏழு தரமுங்க. இனிமே மழையில குச்சியைக் கையில எடுக்கவே மாட்டேன்னு தானா சொன்னாரு. எனக்கு அப்பப் புரியல. அக்கா... அழுவாதீங்க. ரெண்டு ரூமு, ஒரு ஹாலு. ரெண்டு ஊட்டுக்கும் சேத்து இந்த ஒரு கூடாரம் போதுமுங்க.

வெண்ணிலா: நான் அழுவல. இந்தக் கேன்வாசு நெடி கண்ணுல... ஏனுங்க. நீங்க ஏன் ஒண்ணுமே பேசாம நிக்கறீங்க? ஆச்சரியமாக்கூடப் பாக்கல. இங்க கூடாரம் இருக்குதுன்னு ஒண்டிக்கடை டீக்கடையில யாரோ சொன்னாங்கன்னீங்களே... யாரு சொன்னது?

பிரபாகர்: சின்னந்தான். ரெண்டு வருசமா தெனம் சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் டீ குடிக்கறோம். டீக்கடைக்கு ஏது புள்ள வாசப்படி?