கம்பளத்துக்குள் வந்த எலி

உட்காருங்க... உட்காருங்க. தீர்மானம் போடுறதுக்கு முன்னாடி ஒரு எலியோட கதையைச் சொல்லிடுறேன். சின்னதுதான். தீவோட பேரைத் தேடாதீங்க, நானா கற்பனையில கட்டின தீவு. ஆனா கேட்டு முடிச்சதும் நம்ம கடற்கரை மாதிரி தெரிஞ்சா, அது என் தப்பு இல்ல.

ஒரு தீவு. முழுக்கத் தாழம்புதர். அந்தப் புதருக்குள்ள மட்டும் ஒரு எலி. தாழை எலின்னு பேர். உலகத்துல வேற எங்கயும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஒண்ணோ ரெண்டோ குட்டி போடும். அங்க அதுக்கு எதிரியே இருந்ததில்ல. அதனால பயப்படவே தெரியாது. நீங்க போய் நின்னா உங்க கால் மேல ஏறிப் போகும்...

அதுக்கு ஆபத்து எது? பாம்பா? பருந்தா? இல்ல. படகுல ஒளிஞ்சு வர்ற கருப்பு எலி. அது ஒரு தடவைக்கே எட்டுக் குட்டி போடும். தீனியையும் பிடுங்கும், நோயையும் கொடுக்கும். வயித்துக் குட்டியோட ஒண்ணே ஒண்ணு இறங்கினாப் போதும்.

அதனால அங்க ஒரு விதி. கரை ஏறுறதுக்கு முன்னாடி மணல்திட்டுல நிறுத்தி, எல்லா மூட்டையையும் கொட்டி உதறணும். உதற வைக்கிறவ சகாயராணி. தற்காலிகக் காவலர். ஆறு வருஷமா தற்காலிகம். கடல்பாசி எடுக்க வர்ற பெண்கள் தினமும் பையைக் கவுத்துக் காட்டுவாங்க. அதுல குருவம்மா ஒரு வாயாடி. "ஏன் ராணி, என் சோத்துவாளிக்குள்ள புலியா இருக்கு?"ம்பா. ராணி சொல்லுவா, "புலின்னா விட்டுருவேன்க்கா. எலிதான் ஆகாது."

அந்தத் தாழை எலியைக் காப்பாத்த ஒரு மையம் கட்டினாங்க. திறக்க ஒரு பெரிய மனுஷர் வந்தார். மூணு படகு நிறைய நாற்காலி, பந்தல் துணி, சிவப்புக் கம்பளம். கம்பளத்தைப் பிரிக்கணும்னு ராணி குறுக்கே நின்னா. அவளோட மேலதிகாரி பல்லைக் கடிச்சார். "அவர் வர்ற நேரத்துல உதறிக்கிட்டு நிப்பியா? ஆரத்தித் தட்டைப் பிடி."

ராணி... தட்டைப் பிடிச்சா.

கம்பளத்தை விரிச்சாங்க. உள்ளேயிருந்து ஒரு கருப்பு எலி. வயிறு பெருத்த எலி. ஓடித் தாழைக்குள்ள போயிடுச்சு. ராணி பதறிப்போய் அதிகாரிகிட்ட சொன்னா. அவர் சிரிச்சார். "எலிக்குத்தானம்மா விழா? அதுவும் இருந்துட்டுப் போகட்டும்."

அன்னிலேருந்து ராணி அதைத் தேடினா. புதர் புதரா எலிக்கூண்டு வச்சா. வெயில் ஏறினா உள்ள சிக்கின தாழை எலி செத்துரும், அதனால விடிஞ்சதும் ஓடுவா. முதல் மாசம் கருப்பு எலி ஒண்ணும் சிக்கல. நிம்மதியா? எங்கே... உள்ள எங்கயோ குட்டி போட்டிருக்குமேன்னு பயம் கூடத்தான் செஞ்சது. ரெண்டாவது மாசம் கருப்பு எலி மூணு. நாலாவது மாசம் பதினொண்ணு. தாழை எலி ஒண்ணே ஒண்ணு... ரோமம் கொட்டி, எலும்பும் தோலுமா.

மேலேயிருந்து கேள்வி வந்தது. கருப்பு எலி எப்படி வந்தது? அதிகாரி அறிக்கையைத் தயாரா வச்சிருந்தார். பாசி எடுக்கும் பெண்களின் படகில் வந்ததுன்னு. ராணி கீழே கையெழுத்துப் போடணும். போட்டா அவ வேலை நிரந்தரம். அந்தப் பெண்களுக்கு இனிமே அந்தப் பக்கக் கடலே கிடையாது.

அதிகாரி நயமாத்தான் பேசினார். எலி வந்தாச்சு, யார் கொண்டு வந்தா என்ன, உன் பிள்ளைகளை நினைச்சுப் பாருன்னார். ராணி காகிதத்தை அவர் பக்கமே தள்ளி வச்சா. அப்புறம் சொன்னா:

"நான் இதுல போட்டா, பாசிப் படகு நிக்கும் சார். கம்பளப் படகு நிக்காது. அடுத்த எலியும் அதுலதான் வரும்."

மறுவாரம் அவளுக்கு வேலை இல்ல.

தாழை எலி என்னாச்சு? தெரியல. கூண்டு பார்க்க ஆளில்லாத தீவுல என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?

ஐயா... அம்மா... ராணி நல்லவதான். ஆனா தட்டைப் பிடிச்சா பாருங்க, அந்த ஒரு நிமிஷத்துலதான் எல்லாம் போச்சு. ஏழையோட பையை ஆறு வருஷம் உதறின விதி, பெரிய மனுஷர் வந்ததும் கும்பிட்டு ஒதுங்கிச்சு. விதி தப்பில்ல. பாதிப் பேரை மட்டும் சோதிக்கிற விதியால ஒரு எலியைக்கூடக் காப்பாத்த முடியாது.

திங்கக்கிழமை நமக்கும் ஒரு அறிக்கை வருது. மீன் அத்துப்போனதுக்குக் காரணம் கடலையே அரிச்சுட்டுப் போற பெரிய விசைப்படகு இல்ல, நம்ம சின்ன வலைன்னு எழுதி, நம்ம கையெழுத்துக்கு இடமும் விட்டிருக்காங்க. பேனாவை வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. சத்தமாக் கேளுங்க. பெரிய படகை யார் சோதிச்சது?

பதில் வர்ற வரைக்கும் அந்தப் பேனா மேஜையிலயே கிடக்கட்டும்.