சாமி தெரியாத கண்ணாடி

மேலூரிலிருந்து மதுரை போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் ஒரு நாத்தனாரும் அவருடைய மதினியும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் தன் புதுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அழாத குறையாகச் சொன்னார்.

“இதப் போட்டதுலருந்து சாமி தெரிய மாட்டேங்குது மதினி.”

“என்னடி சொல்றே?”

“வெள்ளிக்கிழமை மீனாட்சி சன்னதியில நின்னேன். முன்னாடி நிக்கிறவுக தலைக்கு மேல எக்கி எக்கிப் பாக்குறேன், ஒரே மங்கலா இருக்கு. கண்ணே போச்சோன்னு பயந்துட்டேன். காளவாசல் கண்ணாடிக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வாரேன்.”

“தூரத்துக்கும் படிக்கிறதுக்கும் சேத்துப் போட்டதுதான?”

“ஆமா.”

“அடக் கிறுக்கி! நானும் அதத்தான போட்டுருக்கேன். மேல தூரத்துக்கு, கீழ படிக்கிறதுக்கு. நீ நாடியத் தூக்குனா படிக்கிற பக்கமாத்தான அம்மனப் பாப்ப?”

“அப்ப எப்புடிப் பாக்க?”

“நாடியத் தாழ்த்திக்கிட்டுக் கண்ண மட்டும் ஒசத்து. டிரைவருக்கு மேல அம்மன் படம் இருக்கு பாரு.”

நாத்தனார் கண்ணாடியை மாட்டி, மோவாயைத் தாழ்த்தி, மெல்லக் கண்ணை உயர்த்தினார்.

“மூக்குத்தி தெரியுது மதினி. கையில கிளி கூடத் தெரியுது.”

நானும் பின்னாலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“நல்லாக் கும்புடு. ஆனா எறங்கயில பாத்து எறங்கு. எனக்கும் மொதல்ல படியெல்லாம் மெதந்துச்சு.”

ஒத்தக்கடை தாண்டியதும் நாத்தனார் கண்டக்டரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, மாட்டுத்தாவணியில எறங்கிக் கோயிலுக்கு எந்த பஸ் ஏறணும்?”

“காளவாசல் போகலையாடி?” மதினி சிரித்தார்.

“அது கெடக்கட்டும். வெள்ளிக்கிழமை பாக்காத மொகத்த இன்னைக்குப் பாத்துட்டு வாரேன்.”