பரிசீலிக்கக்கூடுமா

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிட்டால் நல்லது. எனக்குக் குரல் சின்னது. "இந்தப் பொண்ணு பேசுறது அதுக்கே கேக்காது" என்று அக்கா சொல்வாள்.

நீங்கள் என்னை விசாரணைக்கு அழைத்தது அக்காவின் கணவர், என் அத்தான், கொடுத்த சான்றிதழைப் பற்றிக் கேட்க. அதையும் சொல்கிறேன். ஆனால் என் வேலை என்னவென்று முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அவையின் செயலகத்தில் கேள்விப் பிரிவில் இருக்கிறேன். அமைச்சர்களிடம் கேட்க வேண்டியதை உறுப்பினர்கள் எங்கள் மேசைக்கு வந்து சொல்வார்கள், பெரும்பாலும் கோபமாக. அவை நடப்பது ஆங்கிலத்தில். "ரோடு போடுவியா மாட்டியா" என்று வருவது என் மேசையைத் தாண்டும்போது, மாண்புமிகு அமைச்சர் அந்தச் சாலையைக் குறித்துத் தெரிவிப்பாரா என்று ஆகியிருக்கும். பிரிவில் எனக்கு இஸ்திரிப்பெட்டி என்று பெயர். கிண்டல்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆங்கிலத்தில் வில், வுட், குட், மைட் என்று சில துணைச் சொற்கள் இருக்கின்றன. வெளியாளுக்கு எல்லாமே மரியாதையாகத்தான் தோன்றும். எங்கள் அவையில் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி எந்தச் சொல்லில் வருகிறதோ, அமைச்சர் அதே சொல்லில் பதில் தருவார். 'வில்' என்று கேட்டால், செய்வேன் அல்லது செய்யமாட்டேன் என்று சொல்லியாக வேண்டும். செய்வேன் என்றுவிட்டால் அது உறுதிமொழி. உறுதிமொழிகளுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அவர்கள் நேரிலேயே போய்ப் பார்ப்பார்கள். 'மைட்' என்று கேட்டால், ஆகக்கூடும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதற்குக் குழு கிடையாது. துணைக்கேள்வியும் எழுப்ப முடியாது. துணைக்கேள்வி பதிலிலிருந்துதான் பிறக்க வேண்டும், அந்தப் பதிலிலோ ஒன்றும் இருக்காது.

இந்த விஷயத்தில் கேள்வி கொண்டுவந்த உறுப்பினரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். அரசியலுக்கு வருமுன் அவருக்கு அதுதான் வேலை. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தார். நூற்பாலையில் வேலை செய்யும் பெண்களுக்கான அரசு விடுதி. மேல்மாடித் தூணில் ஒரு விரிசல், அதில் துணி திணித்திருந்தது.

"கை உள்ள போகுதும்மா. நானே விட்டுப் பார்த்தேன். பல்லி வருதுன்னு அந்தப் பிள்ளைங்க பழைய துப்பட்டாவ வச்சு அடைச்சிருக்குங்க" என்றார். "எப்ப காலி பண்ணுவீங்க, அவங்கள எங்க தங்க வைப்பீங்க, இதான் கேள்வி. வழவழன்னு வேண்டாம். எனக்குத் தேதி வேணும்."

"சரிங்க ஐயா" என்றேன்.

"என் இங்கிலீஷ் பஸ்ஸோட படிக்கட்டு வரைக்கும்தான். அதுக்கு மேல நீங்கதான் கைதூக்கி விடணும்."

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். வேறு பேச்சு இல்லாததால்தான் சொன்னேன். அத்தான் பொதுப்பணித் துறைப் பொறியாளர் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த விடுதி என்று கேட்டார். சொன்னதும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அது நான் பார்த்த கட்டடம்" என்றார். "பார்த்தேன்னு சொல்லக் கூடாது. முட்டி வலி. மேல ஏறல. கீழ வார்டன் ரூம்ல டீ குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அத்தானுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீ பொய் எழுத வேண்டாம்டி" என்றாள் என்னிடம். "கொஞ்சம் பதமா எழுது. அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துல அந்த ஆளு காரமாவே கேட்டுக்கட்டும். அதுக்குள்ள இவரு நல்லபடியா வெளிய வந்துடுவாரு."

"விடு. கேள்வி வரட்டும்" என்றார் அத்தான். "எனக்கே அது உறுத்தலாத்தான் இருக்கு."

அதை அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒரு முறைதான் சொன்னார். மறுபடி சொல்வாரா என்று மூவரும் காத்திருந்ததுபோல் இருந்தது. சொல்லவில்லை. நான் எழுந்து அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

அப்பா போன பிறகு என்னைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். மாடி அறையை எனக்கே விட்டுக்கொடுத்தார்கள். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டுமே என்று சொல்கிறேன்.

நான் எழுதிய கேள்வியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: குறிப்பிட்ட விடுதியின் நிலையை உரிய காலத்தில் ஆய்வு செய்வது சாத்தியமாகக்கூடுமா என்பதைப் பரிசீலிக்க மாண்புமிகு அமைச்சர் திருவுளம் கொள்ளக்கூடுமா. ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக இருந்தது.

கண்டக்டர் அதைக் கையில் வாங்கி, உதட்டை அசைத்து மெல்லப் படித்தார்.

"இதுல காலி பண்றது எங்கம்மா இருக்கு?"

"உள்ளுக்குள்ள இருக்குங்க ஐயா. நேரா கேட்டா அவைத்தலைவர் கேள்வியவே தள்ளிடுவார்."

அப்படி ஒரு விதி இல்லை. தினமும் நேராகக் கேட்கிறார்கள். நான்தான் அவர்களுக்கும் எழுதிக் கொடுக்கிறேன்.

"உங்களுக்குத் தெரியாததா" என்றார்.

தப்பாகப் படித்துவிடுவோமோ என்று அவருக்கு ஒரே பயம். பதிவேடுகள் வைக்கும் அறையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வுட் என்ற சொல்லில் அவர் நின்றுவிட்டார்.

"இந்த எல் எதுக்கும்மா நடுவுல? சத்தமே இல்ல. டிக்கெட் எடுக்காம ஏறினவன் மாதிரி குனிஞ்சு நிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. நல்ல மனிதர். சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வார். குரலை எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே லேசாகத் தலை குனிய வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன். படத்தைத் தூக்கிக் காட்டலாமா என்று கேட்டார். அது அவ்வளவு நாகரிகமாக இருக்காது என்றேன். செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் முறை வந்தபோது நான் அதிகாரிகள் மாடத்தில் இருந்தேன். எழுந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே படித்தார். அமைச்சர் முழுதாக எழுந்திருக்கவில்லை. மேசையைப் பிடித்துப் பாதி எழுந்து, "இட் மைட், சார்" என்றார். இருபக்கமும் சிரித்தார்கள். கண்டக்டர் துணைக்கேள்விக்குக் கை தூக்கினார். அவைத்தலைவர் அடுத்த பெயரை அழைத்துவிட்டார். கண்டக்டர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். நன்றாகச் செய்தீர்கள் என்பதுபோல் தலையசைத்தேன். உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கூட்டம் வருமுன் விடுதி விழுந்தது. பகல் வேளை. இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் என்பது உங்கள் கோப்பில் இருக்கும். அவையின் இரங்கல் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். அதற்குத் துணைச் சொற்கள் தேவைப்படவில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது.

அத்தான் ஓய்வு பெற்றுவிட்டார். மாடிப்படி ஏற முடிவதில்லை என்று கீழ் அறையிலேயே படுத்துக்கொள்கிறார். அக்கா என் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்துப் போட்டாள். வீட்டில் வேறு எந்த மாற்றமும் இல்லை.

நான் தூண் எதையும் உடைக்கவில்லை, ஐயா. கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் சொல்லப்பட்டது. யாரும் தடுக்கவில்லை. அந்த வாக்கியத்தை எந்த ஆங்கில ஆசிரியரிடம் காட்டினாலும் குறை சொல்லமாட்டார். சொற்களை வைத்து ஒரு கட்டடம் நிற்பதும் இல்லை, விழுவதும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பெரும்பாலான நாட்களில் அது போதுமானதாக இருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. அதை நீங்கள் கேட்கவில்லை. கேட்கவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் கண்டக்டர் என் மேசைக்கு வந்தார். சட்டையில் சுண்ணாம்புத் தூசி இன்னும் போகாமல் இருந்தது. இடிபாடு அள்ளுகிற இடத்திலேயே இருந்துவிட்டு வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க" என்றார். "அன்னிக்கு நான் படிச்சது தப்பாயிடுச்சா? நான் சொன்னது அமைச்சருக்கு விளங்காமத்தான் சிரிச்சிட்டு விட்டுட்டாரா? எவனாவது படிச்சவன் கேட்டிருந்தா அந்தப் பிள்ளைங்க பொழைச்சிருக்குமோ?"

மேசைமீது கையை ஊன்றிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் யோசித்தேன். காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் மனிதனுக்கு மனம் அடங்கிவிடும் என்று தோன்றியது. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"ஒரு இடத்துல கொஞ்சம் தடுமாறிட்டீங்க, ஐயா."

அவர் தலையை ஆட்டினார். சரிம்மா என்றார். அதன்பின் அவர் அவைக்கு வரவில்லை. பதவியை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன், யாரிடமும் பேசுவதில்லையாம்.

அவர் எங்கேயும் தடுமாறவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே படித்தார்.