தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு தீ ஒத்திகை

வனிதா: ஏனுங்க சார், எம்பட ஊட்டுக்காரரு முதுகு வெந்து இதா, இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல குப்புறப் படுத்திருக்காரு. நீங்க நடிப்புங்கறீங்க?

கீர்த்திவாசன்: நடிப்பில்லைங்க அம்மணி, ஒத்திகை. நடுவட்டம் தொழிற்சாலையில தீப்பிடிச்சா என்ன பண்றதுன்னு... ஒரு பயிற்சி.

வனிதா: தேயிலை உலர்த்துற அறையே எரிஞ்சு விழுந்துருச்சுங்களே.

கீர்த்திவாசன்: அதனாலதான் தத்ரூபமா இருந்துச்சுன்னு தலைமை ஆபீசுல பாராட்டுறாங்க.

ஆறுக்குட்டி: வனிதா, சும்மா இரு. சார் சேஃப்டி ஆபீசரு, கம்பெனி சொல்லச் சொன்னதைச் சொல்றாரு.

வனிதா: ஊட்டியில இருந்து தீயணைப்பு வண்டி வந்துச்சே, ஆம்புலன்ஸ் வந்துச்சே?

கீர்த்திவாசன்: விபத்துன்னா அந்தச் செலவெல்லாம் கம்பெனி தலையில விழும். இவரு வைத்தியமும்தான். ஒத்திகைன்னா...

வனிதா: ஒத்திகைன்னா, இந்தத் தோலு?

கீர்த்திவாசன்: அது... வேஷம்னு சொல்லச் சொன்னாங்க.

ஆறுக்குட்டி: கழுவுனாப் போயிருமுங்களா?

கீர்த்திவாசன்: சிரிக்காதீங்க, முதுகு இழுக்கும்... அம்மணி, சுண்ணாம்பு நீற்றறையில இட்டும் வேகாத அடியார் கதை கேட்டிருப்பீங்க. அருள் இருந்தா நெருப்பும் நிழலாகும்.

வனிதா: அவருக்கு ஈசன் பொறுப்பேத்துக்கிட்டாருங்க. இவருக்கு உங்க கம்பெனி ஏத்துக்குமா? தோல் வெச்சுத் தைக்கக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போகோணுமாம். எதை வித்துப் போட்டுங்க போறது?

கீர்த்திவாசன்: சிறந்த நடிகர்னு ஒரு கேடயம் தர்றதா...

ஆறுக்குட்டி: குப்புறக் கெடக்கறவனுக்குக் கேடயமுங்களா? எங்கீங்க வைக்கறது?

வனிதா: இவரு வெளியே நல்லாத்தானுங்க நின்னாரு. உள்ளே யாரோ கத்துனாங்கன்னு ஓடுனாரு. யாருன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாரு. ஒத்திகையில கத்துனது யாருங்க, பொம்மையா?

ஆறுக்குட்டி: விடு, வனிதா.

வனிதா: எப்படி விடறது? அந்த ஆளு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தீ நெசம்னு ஆயிருமில்ல?

ஆறுக்குட்டி: சொன்னா அவரு வேலை போயிரும். அவருக்கும் புள்ளைகுட்டி இருக்குது.

வனிதா: உங்க முதுகை விடவா அவரு வேலை பெருசு? ...ஏனுங்க சார், உங்களுக்கு எதுக்குங்க கண்ணு கலங்குது?

கீர்த்திவாசன்: பொம்மை இல்லைங்க அம்மணி. எரியற கூரை விழுந்தப்ப இவரு முதுகைக் குடுத்து மூடுனது என்னையத்தானுங்க. ஆனா கம்பெனி சொல்லுது, அன்னிக்கு நான் லீவாம்... நானும் ஆமான்னு சொல்லிட்டுத்தானுங்க இங்கே வந்தேன்.