பொன்னுக்கு வீங்கி

– ஊசி மாத்திரையெல்லாம் வேணாம் டாக்டரம்மா. ஒரே ஒரு சந்தேகம். அத்த கேட்டுக்கினு போயிடுவேன்.

– நான் ஊசி போடற டாக்டர் இல்லம்மா. ஆராய்ச்சி பண்றவ. கேம்ப் டாக்டர் பக்கத்து ரூம்ல...

– தெரியும். வாசல்ல நோட்டீஸ் ஒட்டிக்கீதே. முனைவர் குணசுந்தரி, முப்பது வருஷ ஆராய்ச்சின்னு. போட்டோவுல கொஞ்சம் சதை வச்சா மாதிரி கீறீங்க.

– அது பழைய போட்டோ. உக்காருங்க. இங்க கம்பெனில வேலையா?

– நானா? இந்த வயசுலயா? எளாவூருக்கு உள்ளார நமக்கு நெல்லு. எங்க ஓர்ப்படி பொண்ணு பானு இங்க பேக்கிங்ல கீறா. சிப்காட்ல கேம்ப்பு, வான்னு அவதான் இட்டாந்தா.

– உங்க பேரு?

– பேரு எதுக்குங்க... எழுதிக்குவீங்களா?

– வேணாம்னா எழுதல. கேளுங்க, எனக்கு ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.

– மேடையில பேசறச்சே நூறு தபா சொன்னீங்களே, ஹார்மோனு ஹார்மோனுன்னு... அது இன்னாது, பூச்சியா?

– பூச்சியா! நல்லா கேட்டீங்க போங்க. மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கும்மா. அது ரத்தத்துல சேதி அனுப்பும். பொம்பளைக்கு முட்டைப்பைக்குப் போகும், இந்த மாசம் ஒரு முட்டைய வளர்த்து விடுன்னு. அந்தச் சேதிதான் ஹார்மோன்.

– ஆம்பளைக்கு?

– அதே சேதிதான்.

– மெய்யாலுமா? அதேவா?

– அதேதான். போய்ச் சேர்ற எடம்தான் வேற. விரைக்குப் போகும்.

– அய்ய...

– கேட்டது நீங்கதானே!

– சரி சரி, சொல்லுங்க. சேதி போச்சு. அங்க வேலை செய்ய ஒண்ணியும் இல்லன்னா?

– அடேங்கப்பா. எம்.எஸ்சி. பசங்க கேக்க வேண்டிய கேள்வி இது. வேலை நடக்கலன்னா மூளை சும்மா இருக்காது. இன்னும் அனுப்பும், இன்னும் அனுப்பும். ரத்தத்துல அந்த ஹார்மோன் ஏறிப்போயிருக்கும். அளந்து பாத்தா கோளாறு எங்கன்னு தெரிஞ்சிடும்.

– ஆள வெளிய பாத்தா தெரியாது?

– ஒண்ணும் தெரியாது. மீசை இருக்கும், குரல் இருக்கும்...

– ஒண்டியா நெல்லு மூட்ட தூக்குவாரு...

– யாரு?

– பொதுவா சொன்னேன். நீங்க எப்டி இந்தப் படிப்புக்கு வந்தீங்க? பொம்பளைங்க இத்த படிக்கிறேன்னா ஊட்ல சிரிச்சிருப்பாங்களே.

– சிரிக்கல. பயந்தாங்க. பி.எஸ்சி. முடிச்சு நாலு வருஷம் வீட்டுல இருந்தேன். அப்புறம் எம்.எஸ்சி., அப்புறம் தரமணியில ஆராய்ச்சி.

– நாலு வருஷம்... அம்மா ஊட்லயா?

– ஒரு வீட்டுல. அத விடுங்க. தரமணியில எனக்குக் கொடுத்தது எலி.

– எலிய வச்சிக்கினு இன்னா பண்றது?

– வெட்டறது. முட்டைப்பைய எடுத்துப் பாக்கறது. மூணு வருஷம் பெட்டை எலி மட்டும்தான். ஆண் எலி ஜோடி சேக்க மட்டும், ஒரு கூண்டுக்கு ஒண்ணு. ஒருநாள் ஒரு கூண்டுல ஆறு பெட்டை, ஆறுக்கும் குட்டி இல்ல. ஆறையும் வெட்டிப் பாத்தேன்.

– அடப்பாவமே.

– ஆறும் நல்லா இருந்துச்சும்மா. ஒரு குறையும் இல்ல. அப்பதான் தோணிச்சு, அந்தக் கூண்டுல இருந்த ஆண் எலிய இதுவரைக்கும் யாருமே பாக்கலியேன்னு.

– அதுக்கு முன்ன ஆறு உசுரு பூட்ச்சே.

– ஆமா. போயிடுச்சு. எலி அதுக்கப்புறம் மூணு மாசம் கனவுல வந்துச்சு. அன்னையிலருந்து நான் ஆம்பளைங்க பக்கம் திரும்பிட்டேன்.

– இத்த வெளிய சொல்லாதீங்க, ஊரு தப்பா பேசும்.

– நீங்க இருக்கீங்களே! இங்க இரும்பு உருக்கற உலைக்குப் பக்கத்துல நிக்கற ஆம்பளைங்க, அந்தச் சூட்டுல அவங்க விந்துக்கு என்ன ஆகுதுன்னு பாக்கத்தான் மொதல்ல கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். ரத்தம் குடுங்கன்னா ஓடுவாங்க. எம் பொண்டாட்டிய அனுப்பறேன் மேடம், அவகிட்ட எடுத்துக்குங்கன்னுவாங்க.

– சொல்லுவாங்க சொல்லுவாங்க... டாக்டரம்மா, நான் கேக்க வந்தது...

– கேளுங்க.

– பொன்னுக்கு வீங்கி கீதுல்ல? தாடை வீங்குமே. சின்னதுல வந்தா ஒண்ணியும் இல்லியாம். மீசை மொளச்சப்புறம் வந்தா... கீழயும் வீங்குமாமே?

– வீங்கும். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. ரெண்டு பக்கமும் வீங்கினா, சில பேருக்கு அதோட விந்து ஊறறது நின்னுடும். எத்தனை வயசுல வந்துச்சு?

– பத்தொம்போது.

– அறுப்பு நேரம். பதினஞ்சு நாள் எழுந்திருக்கல. நடக்க முடியாம சுவத்தப் பிடிச்சிக்கிட்டு போனாரு.

– உங்களுக்கு எப்டி...

– பச்சையம்மாதானே நீ? அவருக்கு அது வந்தது அவங்க அம்மாவுக்குத் தெரியும். கட்டின புதுசுல எங்கிட்ட ஒரு நாள் வாய் தவறிச் சொன்னாரு. அவரு மூணாவதா யார்கிட்டயாவது சொல்லியிருந்தா, அது எனக்கப்புறம் அந்த வீட்டுக்கு வந்தவளாத்தான் இருக்கணும். உம் பேரு அப்பவே என் காதுக்கு வந்துச்சு.

– அக்கா...

– தணிகாசலம் எப்படி இருக்காரு?

– பூட்டாருக்கா. தை மாசம். நெஞ்சு வலின்னாரு, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள...

– ...சொல்லி அனுப்பியிருக்கலாமே.

– யாருன்னு சொல்லி அனுப்பறது? மலடின்னு உன்ன அனுப்பிட்டு ஆறே மாசத்துல என்னிய கட்டிக்கினு வந்த ஊடு அது. கோலம் போடற வாசல்ல உம் பேரக் கூட சொல்லக் கூடாது.

– உனக்குப் பசங்க?

– இல்ல. மூணாவதா ஒருத்திய பாக்கலாம்னு அத்தை குதிச்சாங்க. அவரு வேணாம்னுட்டாரு. இன்னாத்துக்குன்னு கேட்டேன். ஏர்க்கலப்பைய தூக்கிக்கினு போயிட்டாரு.

– பச்சையம்மா, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இவ்வளவு நேரம் மேடையில நின்னு ஊருக்கெல்லாம் சொன்னேன், உனக்குத்தான் சொல்லல.

– இன்னாக்கா?

– எனக்கு முன்னாடியே தெரியும். தொண்ணூத்தொம்போதுலயே. அந்த ஆறு எலிக்கு அப்புறம் ஆராய்ச்சிக்கு நோய் இல்லாத பொம்பளை ரத்தம் தேவைப்பட்டுச்சு, ஒத்துப் பாக்கறதுக்கு. எவளும் குடுக்கல. என் கையவே நீட்டினேன். ஆறு மாசம், மாசா மாசம். எல்லாம் சரியா இருந்துச்சு. எந்தக் குறையும் இல்ல. அப்புறம் பொன்னுக்கு வீங்கிய பத்திப் படிச்சப்போ... வெளங்கிடுச்சு. அவருக்கு லெட்டர் எழுதினேன். பதில் வரல. நானும் விட்டுட்டேன். இன்னொண்ணு எழுதியிருக்கணும். நேரா எளாவூருக்கு பஸ் ஏறியிருக்கணும். ரோஷம் வந்துடுச்சு எனக்கு. நீ எத்தனை கோயில் சுத்தினியோ, எத்தனை வேர அரைச்சுக் குடிச்சியோ...

– அழாத. பானு எட்டிப் பாக்கறா... அக்கா, பொன்னுக்கு வீங்கி கதைய அவரு எனக்கு சொல்லல.

– பின்ன?

– லெட்டருல படிச்சேன்.

– லெட்டர்... வந்துச்சா?

– வந்துச்சு. நீல இன்லேண்டு. அவரு வயல்ல இருந்தாரு, நான்தான் கை நீட்டி வாங்கனேன். எட்டாங்கிளாஸ் வரிக்கும் படிச்சிக்கீறேன்ல? எனக்கப்புறம் வந்த பொண்ணையாவது குத்தம் சொல்லாதீங்கன்னு கடசீல எழுதிருந்த. அந்த எடத்துல அழுதுட்டேன். அப்புறம் அடுப்புல போட்டேன்.

– அடுப்புலயா! அது உனக்கும் சேத்து எழுதினது!

– தெரியும். பயம். உம் பேர்ல கொற இல்லன்னு தெரிஞ்சா உன்ன திருப்பி கூட்டாந்துடுவாங்களோன்னு. நீ படிச்சவ, மொத பொண்டாட்டி. உங்க கல்யாண போட்டோவ பத்திரம் வைக்கிற பொட்டிக்குள்ள வச்சிருந்தாரு. எங்க நைனாவுக்கு எனக்கப்புறம் மூணு பொண்ணு. நான் எங்க போவேன்? மலடின்ற பேரோட அங்கயே இருந்துக்கலாம்னு தோணிச்சு.

– இருபத்தாறு வருஷம்...

– அவருகிட்ட கடசி வரிக்கும் சொல்லல. அதான் உங்கிட்ட சொல்ல வந்தேன். திட்டிக்கோ.

– திட்ட வரல எனக்கு.

– அப்போ ஒண்ணு கேக்கட்டா? இதான் மெய்யான சந்தேகம். மத்ததெல்லாம் உன்ன பேச வைக்க கேட்டது.

– கேளு.

– நீ அப்போ தரமணியில படிச்சிக்கினு, பெரிய ஆளா ஆவப் போறவ. நான் பயந்ததெல்லாம் வீணு பயம்தானே? அவரே வந்து கூப்ட்டிருந்தாலும் நீ வந்திருக்க மாட்டல்ல? பொய் சொல்லாம சொல்லுக்கா.

– துணிமணியெல்லாம் பெட்டியில அடுக்கி வச்சிட்டுத்தான், பச்சையம்மா, அந்த லெட்டர எழுத உக்காந்தேன்.