கழற்றாத வடிகட்டி

பச்சிளங்குழந்தைகள் பிரிவின் பாதுகாவலரே! கண்டிப்பில் கல்லும் கனிவில் காற்றுமானவரே! பணி நிறைவு பெறும் எங்கள் தலைமைச் செவிலியரே! நீங்கள் போன பின் இந்தப் பிரிவு உங்கள் சொல்லில் நிற்குமா என்ற கவலையும் கலந்தே இம்மடலைப் படிக்கிறோம்.

கையளவுக் குழந்தைக்கு நரம்பு நூலளவு. அதில் நாள் முழுக்க மருந்து இறங்குகிறது. கண்ணாடிக் குப்பியை உடைக்கையில் சிதறும் துகளும், ரப்பர் மூடியில் ஊசி குத்துகையில் பெயரும் பொடியும், குழாயில் சிக்கிய காற்றும் கூடவே இறங்கிவிடலாம். அதனால்தான் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வடிகட்டியைக் குழாயின் நடுவே மாட்டச் சொன்னீர்கள். நாங்கள் உடனே கேட்டுவிட்டோமா? பாராட்டு மடல் என்பதற்காகப் பொய் எழுத மாட்டோம். டீ வடிகட்டி என்று சிரித்தோம். உங்களுக்கே ‘வடிகட்டி அக்கா’ என்று பெயர் வைத்தோம். அது காதில் விழுந்தபோது, “அப்போ சக்கை யாருன்னு நான் சொல்லவா?” என்று கேட்டுவிட்டுப் போனீர்கள்.

வாய் அடங்கியது, கை அடங்கவில்லை. வடிகட்டி அடைத்தால் மருந்தைச் செலுத்தும் பம்ப் கத்தும். கழற்றி எறிந்தால் மருந்து ஓடும், சத்தம் நிற்கும், வேலை முடியும். அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம்.

கல் உடைக்கும் தொழிலாளி ஒருத்தியின் மகளுக்கு ஒரே குழாயில் இரண்டு மருந்து ஏறிய மதியம் அது. பம்ப் கத்தியது. புது வடிகட்டி மாட்டினோம், மறுபடியும் கத்தியது. கழற்றப் போன செவிலியின் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

“அடைச்சிருக்குன்னா எதையோ பிடிச்சிருக்கு. என்னன்னு பாக்காம கழட்டினா, அடுத்தது பாப்பாவுக்குள்ளதான் போகும்.”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெள்ளைப் படிவு. இரண்டு மருந்தும் சேர்ந்தால் திரியும் என்றார் மருந்தாளுநர். பிரித்துக் கொடுக்க இன்னொரு நரம்பு வேண்டும். வீங்கிய அந்த உடம்பில் அது எங்கே? கையில் குத்தித் தவறியது, காலிலும் தவறியது. நன்றாக ஓடிய மருந்தை நிறுத்திவிட்டு எதற்காகப் பிள்ளையைப் போட்டுக் குத்துகிறீர்கள் என்று தாய் உங்கள் கையைத் தட்டிவிட்டாள். நீங்கள் அவளை வெளியே அனுப்பவில்லை. படிவைக் காட்டி விளக்கிவிட்டு, “நீயே தலையப் பிடிச்சுக்கம்மா, இன்னொரு தடவை பாக்கறேன்” என்றீர்கள். நரம்பு கிடைத்தது. அந்தக் குழந்தை பிழைத்து, தாயின் தோளில் தூங்கியபடியே வீடு போனது.

வடிகட்டி மாட்டியும் பறிகொடுத்த பிள்ளைகள் உண்டு. அதை நீங்கள் ஒருநாளும் பூசி மெழுகியதில்லை. மற்றபடி அது எத்தனை பேரைக் காத்தது என்று யாருக்குத் தெரியும்? நடக்காமல் போன கெடுதலுக்கு யார் கைதட்டுவார்? இன்று நாங்கள் தட்டுகிறோம்.

வீட்டுக்குப் போன பிறகும் கூப்பிட்டால் வருவீர்களா என்று போன வாரம் கேட்டோம். “நான் வந்துதான் பாக்கணும்னா, இத்தனை வருசம் இங்க என்னத்தக் கிழிச்சேன்? பம்ப் கத்தினா என்னத் தேடாதீங்க, குழாயப் பாருங்க” என்றீர்கள்.

பார்ப்போம், அக்கா. நோய் நொடி அண்டாமல், நெடுங்காலம், நிம்மதியாக உறங்கி எழுந்து வாழுங்கள். உங்களைக் கூப்பிட மாட்டோம்.

உங்கள் கையில் வேலை பழகிய,
பச்சிளங்குழந்தைகள் பிரிவுப் பணியாளர்கள்